ரிப்கா கொடுக்காத மாப்பு

கணவன் தாஸிமின் அக்கா உம்மு குல்சும் ராத்தா கோல் எடுத்துக் குறைப்பட்டபோது, ரிப்கா சோற்றுக்கு உலை வைத்திருந்தாள்.

"உம்ராக்குப் போறத எங்களுக்கும் மறச்சிட்டீங்களே மச்சி. தம்பி வந்து கையப் புடிச்சி மாப்புக் கேக்கக்கொள தான் வெளங்கிச்சி."

அக்குறணையில் உம்ராவுக்கென்று மக்கா புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததற்கெல்லாம் மாப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பெண்சாதிக்கு ஒரு சொல் சொல்லாமல் புறப்படுகிறவரைத்தான் ரிப்கா கேள்விப்பட்டதில்லை. "இன்னம் சரிவரல்ல மச்சி" என்று சமாளித்துவிட்டு போனை வைத்தாள். கொஞ்ச நாளாகவே தாஸிமின் போக்கு சரியில்லை. கடையை நேரத்தோடு பூட்டிவிடுகிறார்; எங்கே போனீர்கள் என்றால், சும்மா என்கிறார். ஆசையாக வாங்கிய கைக்கடிகாரத்தை மருமகன் முஸ்அபுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "எனக்கு இனி என்னத்துக்கு" என்றார். எவளுடனாவது தொடர்போ என்றுகூட நினைத்தாள். நினைப்புக்கு என்ன, காசா பணமா?

கையும் களவுமாகப் பிடிக்கிற வேகத்தில், உம்ராவுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் இல்ஹாம் ஹாஜியாருக்கு அழைத்தாள்.

"தாஸிம் நானாவா? பேர் தரல்லயே ராத்தா. நேத்து எனக்கிட்டயும் மாப்புக் கேட்டார். வேற குரூப்பில போறாராக்கும் எண்டு நெனச்சேன்."

சந்தேகம் அப்போதுதான் திசை மாறியது. பயணம் இல்லை, பயணத்துக்கு முன் கேட்கிற மாப்பு மட்டும் ஊரெல்லாம் நடக்கிறது. பக்கத்தில் அவர் தூங்காமல் கிடந்ததும், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பியதும் இப்போது வேறு அர்த்தம் காட்டின. இத்தனை நாளும் இன்னொருத்தியைத் தேடிய தன் புத்தியை நினைத்து வெட்கப்பட்டாள். அதைவிட அதிகமாகப் பயந்தாள்.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு தாஸிம் வந்தார். அடுப்பருகே குசினிக் கதிரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினார்.

"ரிப்கா, என்ன மாப்புச் செய்ங்க."

ஊரில் யாரும் இதை மறுப்பதில்லை.

"ஏலா" என்றாள் ரிப்கா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடுமோ என்று அவள் நாக்கு தடுமாறியது. என்றாலும் கேட்டாள்.

"உங்கட உசிர நீங்களே முடிச்சிக்கொள்ளவா யோசிக்கிறீங்க?"

தாஸிமின் தலை ஓம் என்று மெல்ல அசைந்தது.

"ஏலாம ஈக்கிது ரிப்கா. ஏனெண்டும் செல்லத் தெரியல்ல."

"தெரியாட்டிப் பரவால்ல. நான் கோவிக்கல்ல. தனிய உட மாட்டேன். ராத்தாவ வரச் செல்றேன், மூணு பேருமா இப்பவே டொக்டர்ட்ட போவம்."

"ஆக்கள் என்ன செல்லுவாங்க?"

"உம்ராக்குப் போறோம் எண்டு செல்லட்டும்."

அவர் சிரிக்கப் பார்த்தார், அழுகைதான் வந்தது. நீட்டிய கைகளை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி, மற்றக் கையால் உம்மு குல்சும் மச்சிக்கு கோல் எடுத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சோறு அடிப்பிடித்த வாடை குசினியெல்லாம் பரவியது. ரிப்கா எழும்பவில்லை.