பெயிலானா பெயிலு

1.

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. மலேசியாவின் காம்பாரில் ஒரு கல்யாண விருந்து. எதிர் இலைக்காரர் அந்தக் காலத்து ஆசிரியை ஒருத்தியைப் பற்றி, "திமிர் புடிச்ச பொம்பளலா அது" என்றார். அவள் என்ன செய்தாள் என்று கேட்பதற்குள் ரசம் வந்துவிட்டது, பேச்சும் மாறிவிட்டது. எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வசவுதான். மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1927. ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள்மீது பனி படர்ந்த காலையில், மெழுகுவர்த்தியாகத் தன்னை உருக்கிக்கொள்ளும் அகதா டீச்சர்—"

போதும். அகதா மெழுகுவர்த்தி இல்லை. சம்பளம் வாங்கினாள், நல்ல சேலை கட்டினாள், வகுப்பில் கொட்டாவி விட்டவளை வெளியே நிற்க வைத்தாள்.

அடுத்து, படிக்க முடியாமலே செத்துப்போன ஒரு தங்கையை அவளுக்குக் கொடுத்தேன். ஒரு பெண் பிடிவாதம் பிடிக்க வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டுமா என்ன? தங்கையையும் எடுத்துவிட்டேன்.

ஆக, அகதா ஈப்போவில் பெண்கள் ஆங்கிலப் பள்ளி ஒன்றில், பள்ளியிறுதிப் பரீட்சையான சீனியர் கேம்பிரிட்ஜ் வகுப்புக்கு ஆசிரியை. டிசம்பரில் எழுதும் விடைத்தாள்கள் கப்பலேறிச் சீமைக்குப் போகும். திருத்துவது அங்கே. அந்தப் பள்ளியில் பல வருஷமாக ஒருத்தியும் தோற்கவில்லை. காரணம் எளிது: தோற்பாள் என்று தோன்றுகிறவளைத் தலைமையாசிரியை மிஸ் எல்வுட் பரீட்சைக்கு முன்பே நிறுத்திவிடுவார்.

3.

அந்த வருஷம் நிறுத்தப்பட வேண்டியவள் கருப்பம்மாள். பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் சன்னாசியின் மகள். ஈப்போவில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள்.

(அந்தக் காலத்தில் தோட்டத்துப் பெண் அந்த வகுப்பு வரைக்கும் வருவாளா என்று கேட்பீர்கள். என் கதையில் வந்தாள். மிஸ் எல்வுட்டும் இதையேதான் கேட்டார்.)

வகுப்பில் கித்தா என்கிற ரப்பர் மரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னாள் அகதா. மற்றவர்கள் மோட்டார் வண்டிச் சக்கரத்தைப் பற்றி எழுதினார்கள். கருப்பம்மாள், காய்ச்சலோடு பால் வெட்டப் போன அம்மா மர நிரையில் உட்கார்ந்துவிட்டதையும், கங்காணி வந்து உதைத்ததையும் எழுதினாள். வரிக்கு ஒரு பிழை. அகதா எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் அடித்தாள். மதிப்பெண்ணும் குறைவாகத்தான் போட்டாள். போட்டுவிட்டு மறுபடி படித்தாள். என்ன தலைப்புக் கொடுத்தாலும் இவள் இதைத்தான் எழுதப்போகிறாள் என்று தெரிந்தது. எழுதட்டும், சீமையில் எவராவது இதைப் படித்தே தீர வேண்டும் என்று நினைத்தாள்.

அவள் நோக்கம் இவ்வளவுதான். கருணை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

"அவள் தோற்பாள்" என்றார் மிஸ் எல்வுட்.

"தோற்கலாம்."

"பள்ளியின் பெயர்?"

"அது உங்கள் கவலை. பரீட்சைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்தால் நாளைக்கு நான் வரமாட்டேன்."

(பேசியது ஆங்கிலத்தில். தமிழில் எழுதும்போது மிஸ் எல்வுட் கொஞ்சம் நல்லவராகிவிடுகிறார்.)

4.

மிஸ் எல்வுட் வேறு வழி பார்த்தார். தகப்பனுக்கு ஆள் அனுப்பினார். சன்னாசி வெளுத்த வேட்டியோடு வந்தார். அலுவலறைக்குப் போகுமுன் அகதாவைத் தேடி வந்து வராந்தாவில் நின்றார்.

"டீச்சரம்மா, புள்ள பேர எடுக்கக் கைநாட்டு வைக்கணுமாம். வச்சிரவா?"

"எதுக்குண்ணே வைக்கிறீங்க?"

"பெயிலாப் போனா பள்ளிக்கூடத்துக்கு அசிங்கமாம்லா. நீங்க சொல்லுங்க, தேறிடுமா?"

முந்தைய பிரதியில் அகதா "கண்டிப்பா தேறும்ணே" என்றாள். அடித்துவிட்டேன். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

"தெரியலண்ணே. இங்கிலீஸ் தடுமாறுது. பெயிலானாலும் ஆகும்."

 சன்னாசி சிரித்துவிட்டார்.

"எங்கள்ல யாரும் பெயிலானதே இல்ல டீச்சரம்மா. பரீட்சைக்கு விட்டாத்தானே பெயிலாக?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பெயிலானா பெயிலு. எழுதட்டும்லா. நான் வாரேன்."

அலுவலறைப் பக்கம் திரும்பாமலே வாசலைத் தாண்டிப் போனார்.

5.

கருப்பம்மாள் பரீட்சை எழுதினாள். அவள் தாளும் மற்றவர்கள் தாளோடு கப்பலேறியது. ஜனவரியில் அகதாவைப் பாலர் வகுப்புக்கு மாற்றினார்கள். கேம்பிரிட்ஜ் வகுப்பை அவள் கண்ணில்கூடக் காட்டவில்லை. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலையையும் விடவில்லை. குழந்தைகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, அரிச்சுவடியை அதே அதட்டலோடு நடத்தினாள்.

கருப்பம்மாள் தேறினாளா?

தேறினாள் என்று எழுதி வைத்திருக்கிறேன். தோற்றாள் என்றும் ஒரு பக்கம் இருக்கிறது. இரண்டையும் தரமாட்டேன். தேறினாள் என்றால், அகதா ஆள் தெரிந்துதான் சண்டை போட்டாள் என்பீர்கள். தோற்றாள் என்றால், மிஸ் எல்வுட் அப்போதே சொன்னாரே என்பீர்கள். இரண்டுமே பரீட்சை முடிவு. நான் சொல்ல வந்தது அதுவல்ல.

வேண்டுமானால் நீங்களே ஒரு முடிவு எழுதிக்கொள்ளுங்கள். எழுதுமுன் எனக்கு ஒரு பதில் மட்டும் சொல்லுங்கள்: அவள் தேறினால்தான் அகதாவின் பக்கம் நிற்பீர்களா?