பதுக்கிய நகர்வு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரைச்சீலைக் கடையில் ஈ ஓட்டுகிற நேரம். வெயிலை மறைக்கத் துணி வேண்டும் என்று நினைப்பவர்கள்கூட அந்த வெயிலில் வீட்டை விட்டு இறங்குவதில்லை. கடைக்காரர் துணி வெட்டும் நீள மேஜையில் ஒரு மூலையை ஒதுக்கி, சதுரங்கப் பலகையை விரித்து, காய்களை அடுக்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பார். மைத்துனன் வந்துவிடுவான்.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. பக்கத்துத் தெருவில் பல் செட் செய்து கொடுக்கும் தொழில். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவன் பல்லைச் செய்து திருப்பி அனுப்புவான். நகக்கண்ணில் எந்நேரமும் வெள்ளை மாவு. காது ஓரத்தில் நரைத்துவிட்டது. ஆனாலும் அக்கா வீட்டுக்காரரின் எதிரில் உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்தைக் கட் அடித்து வந்தவன் மாதிரி ஒரு சந்தோஷம் அவன் முகத்தில் தெரியும்.

பலகையை விரிப்பது ஆடுவதற்கு அல்ல, பேசுவதற்கு. செத்துப்போன மாஸ்டர்களின் ஆட்டங்களை ஒவ்வொரு நகர்வாக வைத்துப் பார்த்து, அவர்கள் காது கேட்காத தைரியத்தில் குறை சொல்வதற்கு.

"தால் இருக்கானே, அவன் சரக்கே இல்லாம கடை தொறந்தவன் மாப்ள. வாசல்ல நின்னு சத்தம் போட்டே வித்துட்டுப் போயிட்டான்" என்பார் கடைக்காரர்.

"வாங்கினவன் வீட்டுக்குப் போயி பிரிச்சுப் பார்த்தாத்தானே அத்தான் உள்ள ஒண்ணும் இல்லைன்னு தெரியும்? அதுக்குள்ள இவன் அடுத்த ஊர்ல இருப்பான்."

"பெட்ரோசியன்?"

"பூட்டுக்கு மேல பூட்டு போட்டுட்டு உள்ள உக்காந்திருக்கற ஆளு."

"கபாபிளாங்கா ஒரே விலைக்காரன். பேரம் பேச வாயத் தொறந்தா மூஞ்சியத் திருப்பிக்குவான்."

தொடக்க ஆட்டங்களிலும் இருவருக்கும் இரண்டு கட்சி. கடைக்காரருக்கு ஸ்பானிஷ், மெதுவாக, மரியாதையாக, எதிராளியை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுக் கழுத்தை நெரிப்பது. மைத்துனனுக்குக் கறுப்பில் சிசிலியன், அதுவும் ராணி தனியாகக் கிளம்பிப் போய் வெள்ளையின் சிப்பாயைத் தின்றுவிட்டு வரும் வழி. "தனியா போற ராணி திரும்பி வர்றதுக்கு ஆட்டோக்காசு வச்சிருக்கணும் மாப்ள" என்று கடைக்காரர் பயமுறுத்துவார். மைத்துனன் சிரிப்பான்.

மார்ஷல் என்ற பழைய மாஸ்டரின் கதைதான் அவர்கள் அடிக்கடி எடுத்துப் பிரிப்பது. புதிதாக ஒரு தாக்குதலைக் கண்டுபிடித்து, அதைக் கபாபிளாங்காவுக்கு என்றே வருடக்கணக்காக மூடி வைத்திருந்து, கடைசியில் அவர் மீதே அவிழ்த்துவிட்டார் என்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, கடைக்காரருக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

"அவ்வளவு வருஷம் வாயத் தொறக்காம இருந்தான் பாரு, அவன் வியாபாரி."

"தோத்துட்டானே அத்தான்."

"தோத்தா என்ன? சரக்கு சரக்குதானே. இன்னிக்கும் ஆடுறாங்கல்ல?"

கடைக்காரரின் அப்பா அவரை வளர்த்த விதம் அப்படி. நல்ல துணியை முதலில் எடுத்துப் போடக் கூடாது. வந்தவர் பத்து சுருளைப் பிரித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, எழுந்து, ஒரு காலில் செருப்பும் மாட்டின பிறகு, "சித்த உக்காருங்க, உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்" என்று மேஜைக்கு அடியிலிருந்து அதை எடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. அதனால் லாபம் வந்ததே தவிர, ஒருநாளும் நஷ்டம் வந்ததில்லை. அதுவரை.

அவர்கள் நிஜமாக ஆடுவது வருடத்துக்கு ஒரே ஓர் ஆட்டம். ஆண்டுக் கடைசியில் சரக்கு இருப்பு எடுப்பதற்காகக் கடையைச் சாத்துவார்கள். வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு, பாதி இழுத்த ஷட்டருக்குள் அந்த ஓர் ஆட்டம். கல்யாணமான நாளிலிருந்து கடைக்காரர் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. மைத்துனன் கர்வப்பட்டு ஜெயித்தாலாவது கோபப்படலாம். அவனோ ஜெயித்துவிட்டு, "பதினேழாவது நகர்வுல நீங்க குதிரைய எடுத்திருந்தா நான் காலி அத்தான்" என்று இரவு சாப்பாடு வரைக்கும் பேசிப் பேசி, தோற்றவரைக் கிட்டத்தட்ட ஜெயித்தவராக ஆக்கி அனுப்புவான். அந்தப் பேச்சுக்காகவே கடைக்காரர் தோற்கத் தயார்தான். ஆனாலும் உள்ளே ஒரு முள் இருந்தது.

இந்த வருடம் மைத்துனனுக்கு ஒரு பெரிய காரியம் கூடி வந்தது. ஊரில் நடந்த போட்டியில் வரிசையாக நல்ல ஆட்டம். கடைசிச் சுற்றில் சமன் செய்தாலே போதும், மாஸ்டர் பட்டம். வாலிபத்திலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருந்த ஒரே பொருள் அது. இரண்டு தடவை கைக்கு வந்து நழுவியது. மூன்றாவது தடவை இந்த வயதில் வந்ததே அதிசயம். நாலாவது வராது என்பது எல்லாருக்கும் தெரியும்.

கடைசிச் சுற்றுக்கு முந்தைய நாள் மதியம் பலகையைத் தூக்கிக்கொண்டு வராத குறையாக ஓடி வந்தான்.

"நாளைக்கு எனக்கு எதிர்ல மருந்துக்கடை அம்மா. அவங்களுக்கு வெள்ளை. ராஜா சிப்பாயத்தான் தள்ளுவாங்க, நான் நம்ம சிசிலியன். என் ராணி போயி சிப்பாயச் சாப்பிடுது. அவங்க யானை தொரத்துது. நான் இங்க வர்றேன், யானை அங்க வருது, மறுபடி அங்க போறேன். மூணு தடவை ஒரே நிலை வந்தா ஆட்டம் முடிஞ்சுது. சமன். கை குலுக்கிட்டு வீட்டுக்கு வந்துடறேன்."

கடைக்காரர் ஒரு ஜன்னலுக்கான துணியை மடித்துக்கொண்டே பலகையைப் பார்த்தார். அப்போதுதான் அது தெரிந்தது. யானை ஏன் துரத்த வேண்டும்? முன்னால் வந்து நிற்கும் வெள்ளை மந்திரி, வந்த வழியே தன் சொந்தக் கட்டத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தால்? முன்னேறுகிற காயைத்தான் கண் தேடும். பின்வாங்குகிற காயை யாரும் பார்ப்பதில்லை. மந்திரி வீட்டுக்குப் போய்விட்டால் கறுப்பு ராணிக்கு வெளியே வர வழி இல்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக மைத்துனன் பார்க்காத ஒன்றை அவர் பார்த்திருந்தார். வாய் வரைக்கும் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: பாதி இழுத்த ஷட்டர், ஆண்டுக் கடைசி, இவன் ராணி சிப்பாயைத் தின்கிறது, நான் மந்திரியைத் திருப்பி வைக்கிறேன், இவன் முகம்!

"எங்கயாவது ஓட்டை இருக்கா அத்தான்? கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்கலாம்னு நெனச்சேன். அப்புறம், உங்க கண்ணைவிடவா அதுன்னு இங்க வந்துட்டேன்."

கடைக்காரர் துணியின் மடிப்பை நீவினார். மருந்துக்கடை அம்மாவுக்கும் சமன் கிடைத்தால் பரிசு உண்டு. அவள் ஏன் மெனக்கெட்டுத் தேடப் போகிறாள்? நாளை இது யாருக்கும் தெரியாமல் தாண்டிப் போய்விடும். பிறகு இது என் சரக்கு.

"சுத்தமான சரக்கு மாப்ள. கண்ண மூடிட்டுப் போடு" என்றார்.

மறுநாள் காலை போனைக் கையில் எடுத்தார். இப்போது சொன்னால் பையன் குழம்பிவிடுவான் என்று தனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு கீழே வைத்தார். நாற்பத்தாறு வயதுப் பையன்.

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். கடைக்காரர் போய்ச் சேர்ந்தபோது ராணி கிளம்பியிருந்தது. சிப்பாயைத் தின்றது. மைத்துனன் குனிந்த தலையை நிமிர்த்தி, கூட்டத்தில் அத்தானைக் கண்டுபிடித்து, கண்ணால் சிரித்தான்.

மருந்துக்கடை அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். யானையை விட்டுத் துரத்தப் போகிறாள், துரத்து தாயே, துரத்து என்று கடைக்காரர் மனதுக்குள் கெஞ்சினார். கடையில் எத்தனையோ பேரின் முகத்தைப் பார்த்து விலை சொன்னவர் அவர். வாங்காமல் எழுந்து போகிற முகம் எது, அடுத்த அலமாரியையும் காட்டச் சொல்கிற முகம் எது என்று அவருக்குத் தெரியும். அந்த அம்மாவின் முகம் இரண்டாவது வகை. அவள் அவசரமே படவில்லை. மருந்துச் சீட்டில் டாக்டரின் கையெழுத்தைப் படிப்பவள் போலப் பலகையைப் படித்துக்கொண்டே இருந்தாள். கடிகாரம் ஓடியது. பிறகு கை நீண்டது. யானையிடம் போகவில்லை. மந்திரியை இரண்டு விரலால் எடுத்து, வந்த வழியே கொண்டுபோய், வீட்டில் வைத்தாள்.

மைத்துனன் முதலில் அதைப் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது. கழுத்திலிருந்து காது வரைக்கும் நிறம் மாறியதைக் கடைக்காரர் கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தார். அதன் பிறகு ஆட்டம் வெகுநேரம் நீடித்தது. ராணி இல்லாதவனின் ஆட்டம் எவ்வளவு நீளமானால் என்ன?

முடிந்ததும் மைத்துனனும் அந்த அம்மாவும் வெளி வராந்தாவில் காய்களை மறுபடி அடுக்கிப் பேசினார்கள். அது ஆட்டக்காரர்களின் வழக்கம்.

"வீட்ல பார்க்கும்போது இந்த மந்திரி உங்களுக்குத் தட்டுப்படலையா?" என்று மருந்துக்கடை அம்மா தயங்கிக் கேட்டாள். ஜெயித்ததில் அவளுக்கே கொஞ்சம் கூச்சம்.

"எங்க அத்தானுக்கே தட்டுப்படலம்மா. துணில ஒரு நூல் போயிருந்தாக்கூட கண்டுபுடிக்கிற ஆளு. அவரே சரின்னுட்டாரு, அப்புறம் நான் எம்மாத்திரம்?" என்று மைத்துனன் சிரித்தான். பக்கத்தில் நின்ற அத்தானின் தோளில் கை போட்டு, "நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க" என்று தேற்றவும் செய்தான்.

அன்று வீட்டில் கடைக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோத்தது என் தம்பி. நீங்க ஏன் சாப்பாட்டை விரோதி மாதிரி முறைக்கிறீங்க?" என்றாள் மனைவி.

சொன்னார். மந்திரி, ராணி எல்லாம் அவளுக்குப் புரியாது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அவன் உங்ககிட்ட நேராக் கேட்டானா?"

"கேட்டான்."

"நீங்க தெரிஞ்சே இல்லைன்னீங்களா?"

அவள் அவருடைய தட்டை எடுத்துக்கொண்டு போனாள். "வர்றவங்ககிட்ட ஆயிரம் சொல்லுவீங்க, அது கடை. அவன் உங்ககிட்ட வாங்க வந்தவனா?" என்று உள்ளேயிருந்து ஒரு தடவை குரல் கேட்டது. அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் முழுக்க மதியத்தில் மைத்துனன் வந்தான். ரூபின்ஸ்டைன் என்ற மாஸ்டரின், யானைகள் மட்டும் மிஞ்சுகிற முடிவாட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு, பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், வழக்கம்போலச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் ஒருநாள் கடைக்காரரே அவனுடைய வேலை இடத்துக்குப் போனார். மேஜை முழுக்க யார் யாருடையதோ தாடைகள். மைத்துனன் ஒரு கடைவாய்ப் பல்லை ராவிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, அந்த மந்திரி. எனக்கு முந்தின நாளே தெரியும்."

ராவுகிற சத்தம் நின்றது.

"நான் கேட்டப்பவா?"

"நீ கேட்டப்பவே."

"அப்புறம் ஏன் அத்தான்?"

"வருஷக் கடைசி ஆட்டத்துக்கு எடுத்து வச்சேன். அந்த அம்மா பார்ப்பாங்கன்னு நெனக்கல."

மைத்துனன் பல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபம் வரும் என்று கடைக்காரர் காத்திருந்தார். வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தார். வரவில்லை.

"உங்களுக்கு ஒரு ஆட்டம் ஜெயிக்கணும்னு அவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றான். "நாம பேசறதுதான் பெருசுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

மறுபடி ராவ ஆரம்பித்தான். பல் டாக்டருக்குச் சாயங்காலம் கொடுக்க வேண்டுமாம்.

அதற்குப் பிறகு மதியத்தில் அவனுக்கு வேலை அதிகமாகிவிட்டது. கடைக்காரர் பலகையை விரித்து வைத்து, ஷட்டர் நிழல் மேஜையைத் தாண்டிப் போகும்வரை பார்த்துவிட்டு மடித்து வைப்பார். மார்ஷலைப் பற்றிப் புதிதாக ஒன்று தோன்றியது அவருக்கு. மூடி வைத்திருந்த அத்தனை வருடமும் அந்த ஆள் யாரிடம் பேசியிருப்பான்? கேட்க ஆள் இல்லை.

ஆண்டுக் கடைசியில் சரக்கு எண்ணி முடித்து ஆட்கள் போனதும், யாரும் கூப்பிடாமலே மைத்துனன் ஷட்டருக்குள் குனிந்து வந்தான். உட்கார்ந்தான். வெள்ளையை அத்தான் பக்கம் திருப்பி வைத்தான்.

"ஆடலாம்."

கடைக்காரர் ஸ்பானிஷ் ஆடத்தான் ராஜா சிப்பாயைத் தள்ளினார். மைத்துனன் சிசிலியன் வைத்தான். அடுத்தடுத்த நகர்வுகளை யோசிக்காமல் வைத்துக்கொண்டே போனான், பாடம் ஒப்பிப்பவன் மாதிரி. ராணி கிளம்பியது. சிப்பாயைத் தின்றது. மைத்துனன் கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"வேணாம் மாப்ள. வேற ஆடலாம்."

"வைங்க அத்தான். எடுத்து வச்ச சரக்குதானே."

குரலில் குத்தல் இல்லை. வேறு காயைத் தொடலாம் என்று கடைக்காரர் கையை நீட்டினார். தொட்டால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும் என்று தோன்றியது. மந்திரியை எடுத்து அதன் வீட்டில் வைத்தார்.

மைத்துனன் தலையாட்டிவிட்டு, தோற்றதற்கு அடையாளமாக ராஜாவைப் படுக்க வைத்தான். கை கொடுத்தான். கை ஈரமில்லாமல், மாவு படிந்து, சொரசொரப்பாக இருந்தது.

"அக்கா முழங்கால் வலின்னாளே, எப்படி இருக்கு?"

"பரவால்ல."

"எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்க. கெளம்பறேன் அத்தான், வேலை கெடக்கு."

"இரு மாப்ள. சிப்பாயச் சாப்பிடறதுக்கு ஒரு நகர்வு முன்னாடி நீ குதிரைய நகர்த்தியிருந்தா..."

"ஆமா, அது சரியா இருக்கும்" என்றான் மைத்துனன் மரியாதையாக. பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஷட்டருக்கு அடியில் குனிந்து போனான்.

கடைக்காரர் குதிரையை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அதற்கு வெள்ளை என்ன செய்யும் என்று வாய்விட்டே கேட்டார், பதிலுக்குக் கறுப்பு என்ன செய்யும் என்றும் கேட்டார். இரண்டுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டியிருந்தது.