பிள்ளைப்பூச்சி இன்னும் ஏறவில்லை

1
இந்தக் கதை எனக்குக் கொசுறாக வந்தது. தங்க வயல் ராபர்ட்சன்பேட்டைப் பழைய இரும்புக் கடையில், கம்பியில் கோத்த பித்தளை டோக்கன்களுக்குப் பேரம் பேசினேன். படியவில்லை. "கதையும் சொல்றேன், எட்துனு போங்க" என்றார் கடைக்காரர்.

(சுரங்கத்தில் இறங்குகிறவன் ஆளுக்கொரு டோக்கன் எடுத்துப்போவான், ஏறி வந்ததும் பலகை ஆணியில் மாட்டுவான். ஆணி காலி என்றால் ஆள் உள்ளே. பலகை நிறையும்வரை தேட வேண்டும்.)

2
'தங்க வயலில் ஒரு பொன்வண்டு' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். முலாம் சரக்கு, உரசினால் தெரிந்துவிடும்.

நேராகவே சொல்கிறேன். மாரிகுப்பத்து ஏசுபாதம் அந்தப் பலகையைக் காத்தவர். சுரங்கம் மூடியபின் பலகையை வீட்டில் மாட்டி, தோட்டத்திலும், சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டு நடையிலும் கண்ட பூச்சிகளுக்கு டோக்கன் போட்டார். பெயரைக் கீறி, வருஷா வருஷம் முதல் மழைக்கு எல்லாவற்றையும் ஆணியிலிருந்து கழற்றுவார். பூச்சியைப் பார்த்தால் அதன் டோக்கன் ஆணிக்கு ஏறும். இந்த வருஷம் தும்பி ஏறியது, சாணி வண்டு ஏறியது. மண்ணுக்குள் வளை தோண்டும் பிள்ளைப்பூச்சி மட்டும் ஏறவில்லை.

அதனால் யாருக்கு நஷ்டம்? அவர் மனைவி இசபெல்லாவுக்கு. நாலடி நடந்தால் மூச்சு நின்றுவிடும் போலிருக்கும். பெங்களூரில் மகள் வீட்டில் தங்கி வைத்தியம் பார்த்தாக வேண்டும். பலகை நிறையட்டும், வீட்டைப் பூட்டலாம் என்றே ஏசுபாதம் நாள் கடத்தினார்.

[பிடிவாதக்காரர் என்று எழுதினேன். பயந்தவர் என்று திருத்தினேன். இரண்டும் அவருக்கு அளவு சரியில்லை.]

3
ஒருநாள் அவர் நடைக்குப் போனபோது, இசபெல்லாவே பிள்ளைப்பூச்சி டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டாள். திரும்பியவர் எங்கே பார்த்தாய் என்று கேட்டார். அவளுக்குப் பொய் வரவில்லை.

"ஆளு ஏறாத டோக்கன மாட்டுனா, தேடப் போனவனும் திரும்பிடுவான், இசபெல்லா."

"நானுந்தான் உள்ளாற போயினே கீறேன். என்னிய யாரு தேடறது?"

அவர் டோக்கனைக் கழற்றி

(கடைக்காரருக்கு இதற்கு மேல் தெரியாது. சரக்கு கைக்கு வந்த வழியையும் சொல்லவில்லை.)

4
மறுநாள் ரயிலில் அவளை ஏற்றினார் என்று ஒரு முடிவு எழுதினேன். அழகாக இருந்தது, அதனாலேயே நம்பவில்லை. ஏற்றவில்லை என்று இன்னொன்று. அதைத் திரும்பப் படிக்கத் துணிவில்லை.

நேற்று பிள்ளைப்பூச்சி டோக்கனைப் புரட்டினேன். பின்புறம் புதுக் கீறல்: இசபெல்லா.

கடையில் அதைப் படிக்காமலே, கீறல் விழுந்த சரக்கு என்று காட்டித்தான் விலையை இறக்கப் பார்த்தேன்.

என் சுவரில் ஓர் ஆணி அடித்துவைத்திருக்கிறேன். மாட்டினால், தேடுவது அதோடு நின்றுவிடும். டோக்கன் இதோ. நீங்களே பிடியுங்கள்.