ஆடாத கைப்பிடி

அவனுக்குப் பல் கட்டும் வேலை. நோயாளியின் முகத்தைக்கூட அவன் பார்ப்பதில்லை. அது மருத்துவர் பாடு. ஆய்வகத்துக்கு வருவது பல்வரிசையின் அச்சு மட்டும். அதன் மேல் பீங்கான் பொடியைக் குழைத்துத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டு வைத்து, சுட்டு, தேய்த்து, போன பல்லைப் போகாத மாதிரி செய்து அனுப்புவான். பன்னிரண்டு வருடமாக இதுதான். முன்பல் என்று சீட்டில் எழுதியிருந்தால் யாரும் கேட்காமலே அவன் மேசைக்கு வந்துவிடும். சிரித்தால் தெரிகிற பல்லை வேறு யாரிடமும் கொடுக்க ஆய்வகத்தை நடத்தும் மேடத்துக்கு மனம் வராது.

மைத்துனன் மூன்று மாத வேலையாக வேறு ஊருக்குக் கிளம்பியபோது தன் கேமராவையும் மூன்று லென்ஸ்களையும் அக்கா வீட்டில் கொண்டுவந்து வைத்தான். கேமரா சோப்புப் பெட்டி அளவுதான். லென்ஸ்களில்தான் கனமெல்லாம். முழுக்க உலோகமும் கண்ணாடியும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. கல்யாணம் பண்ணிக்கொள்ளடா என்றால் லென்ஸ் வாங்கிக்கொண்டு வருகிறான் என்று அக்காக்காரி சொல்லி அலுத்துப்போயிருந்தாள். ஒரு கம்பெனி செய்த லென்ஸை இன்னொரு கம்பெனி கேமராவோடு சேர்த்துவைக்க நடுவில் ஒரு வளையம், அடாப்டர். சம்பந்தம் பேசி முடித்துவைக்கிற தரகர் மாதிரி. மாட்டி முடித்தால் குழந்தை தலையில் அப்பாவின் ஹெல்மெட்டைக் கவிழ்த்தது போல இருக்கும்.

"பூட்டி வெச்சா உள்ள பூஞ்சை பிடிச்சிரும் மாமா. எடுத்துப் பழகுங்க. எல்லாமே கையால திருப்புறதுதான், உங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிடித்தது. வளையத்தைத் திருப்பினால் நல்ல பூட்டில் சாவி திரும்புவது போல வழுக்காமல், முரண்டு பிடிக்காமல் திரும்பியது. திரையில் எது தெளிகிறதோ அதன் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஏறும். மூக்கில் ஏறி, கண்ணுக்கு நகர்ந்து, இமையில் நிற்கும். நின்றதும் அழுத்த வேண்டும். விரலால் பிழைக்கிறவனுக்கு இதில் ஒரு சுகம் இருந்தது. மூன்றில் சின்ன லென்ஸை, முப்பத்தைந்து என்று பொறித்திருந்ததை, மாட்டியவன் கழற்றவே இல்லை.

முதல் வாரம் ஒரு காலை, அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடிப்பதை எடுத்தான். அப்பா கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார். சும்மா இருக்கும்போது அவர் கை சாதுவாக இருக்கும்; ஒரு காரியம் செய்யப் போனால் ஆடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கை கலங்கியிருந்தது. அது அப்பா ஆடியது என்று நினைத்துக்கொண்டான். பிறகு அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியின் கைப்பிடி கண்ணில் பட்டது. ஒரே கைப்பிடி, இரண்டாக விழுந்திருந்தது.

அலமாரிக்கு ஒன்றும் நடுக்கம் இல்லை.

அப்பா வரைபட அலுவலகத்தில் கோடு போடுகிறவராக இருந்தார். முப்பத்தெட்டாவது வயதில் அவர் கோடு கோண ஆரம்பித்தது. கோப்புகள் அடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே அடுக்கினார். இந்த நடுக்கம் சில குடும்பங்களில் வழிவழியாக வருவது உண்டு என்று அன்று மருத்துவர் சொன்னது அவனுக்கும் தெரியும். அவனுக்கு இப்போது முப்பத்தாறு.

தொழில்காரன் என்பதால் முறையாகவே சோதித்தான். வெயிலில் எடுத்தான். படம் கத்தி மாதிரி வந்தது. சரி, வெளிச்சம் இருந்தால் ஷட்டர் கண்சிமிட்டும் நேரத்துக்குள் மூடிவிடும், கை ஆடினாலும் மாட்டாது. வீட்டுக்குள் எடுத்தான். எல்லாம் இரண்டிரண்டு. கேமராவை நான்கு புத்தகத்தின் மேல் வைத்து, தானாகவே எடுக்கும்படி செய்துவிட்டு விலகி நின்றான். அதே வெளிச்சம், அதே லென்ஸ், அதே அடாப்டர். கைப்பிடியில் இருந்த திருகாணியின் வெட்டுகூடத் தெரிந்தது. ஆக லென்ஸ் மேல் குற்றமில்லை, அடாப்டர் மேல் குற்றமில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

தண்ணீர் நிறைத்த கிளாசை நீட்டிப் பிடித்துப் பார்த்தான், சிந்தவில்லை. காகிதத்தில் சுருள் சுருளாக வரைந்தான், கோணவில்லை. ஆனாலும் மனம் சமாதானப்படவில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கேமரா கண்டுபிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டான். புத்திசாலி தப்புக் கணக்குப் போட்டால் விடை வரைக்கும் சுத்தமாகப் போட்டுவிடுவான்.

மருத்துவரிடம் போகவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. ஆய்வகத்தில் முன்பல் வந்தால் அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டு, கடைவாய்ப் பல்லாக வாங்கிக்கொண்டான். கடைவாயில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை. அடுத்த மேசைக்காரன் இரண்டு வாரம் பொறுத்தான். மூன்றாவது வாரம் அவனுக்குக் 'கடைவாய்' என்றே பெயர் வைத்துவிட்டான். கடைவாய் டீக்கு வருகிறாரா, கடைவாய்க்கு இன்றைக்கு என்ன கோபம் என்று ஆய்வகமே கூப்பிட்டது. கேட்ட லீவைக் கொடுக்காததற்குத்தான் முறுக்கிக்கொண்டிருக்கிறான் என்று மேடம் நினைத்தாள். அப்படியே நினைக்கட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

ஆறாவது வாரம், வெள்ளிக்கிழமை, மேடமே அவன் மேசைக்கு வந்தாள். சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு பெண். வயது இருபத்திரண்டு. மேல்வரிசையில் முன்பல் நான்கும் போய்விட்டன. மருத்துவர் இவன் செய்வதானால்தான் இங்கே கொடுப்பேன் என்கிறாராம். இல்லையென்றால் வேறு ஆய்வகத்துக்குப் போகும்.

"திங்கட்கிழமைக்குள்ள சொல்லு. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. ஆனா அதுக்கப்புறம் உனக்கு முன்பல் வராது. நானும் எத்தனை தடவைதான் கேக்கிறது."

சனிக்கிழமை முழுக்க அவன் வாயில் 'முடியாது' என்ற சொல் ஊறிக்கொண்டே இருந்தது.

ஞாயிறு காலை அப்பாவின் மூக்குக் கண்ணாடியில் திருகு கழன்றுவிட்டது. ஜன்னலோர மேசையில் துணியை விரித்து, ஊசிமுனைத் திருப்புளியால் பொருத்திக்கொண்டிருந்தான். எள்ளைவிடச் சின்னத் திருகு. அப்பா எதிரே கண்ணாடி இல்லாமல் பொத்தாம்பொதுவாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பாவும் பிள்ளையும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று மனைவி நினைத்திருக்க வேண்டும். கேமராவை எடுத்து வந்தாள். ஊரையெல்லாம் எடுக்கிறீர்கள், உங்களை எடுக்க ஆள் இல்லை என்றாள். எதைத் திருப்ப வேண்டும் என்று கேட்டாள். அவன் நிமிராமலே சொன்னான். சிவப்பு கண்ணில் வந்து நின்றதும் அழுத்தினாள், மூன்று தடவை.

"நல்லாவே வரல. நீங்க எப்படித்தான் எடுக்கிறீங்களோ" என்று திரையை அவன் பக்கம் நீட்டினாள்.

எதிர்பார்ப்பு இல்லாமல்தான் பார்த்தான். அவன் இரண்டாக இருந்தான். அப்பா இரண்டாக இருந்தார். பின்னால் அலமாரிக் கைப்பிடி இரண்டாக இருந்தது.

அவளுக்குக் குழந்தைகள் மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலை. பிறந்து இரண்டு நாளான சிசுவின் நூல் போன்ற நரம்பில் ஒரே குத்தில் ஊசி இறக்குகிற கை. மற்றவர்கள் இரண்டு முறை குத்திப் பார்த்துவிட்டு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கை ஆடுகிறது என்று இந்தக் கேமரா சொல்கிறது.

அவன் திருப்புளியை வைத்துவிட்டு இன்னொன்று எடுக்கச் சொன்னான். எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்கச் சொன்னான். எடுத்தாள். அதுவும் இரண்டு. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கு வழியாக வந்தது, அப்புறம் அடக்க முடியவில்லை.

"நான் கெடுத்துட்டேன்னா உங்களுக்கு இவ்வளவு சந்தோஷமா?" என்றாள். அவளுக்குக் கொஞ்சம் கோபம்தான்.

அவன் மைத்துனனுக்குப் போன் போட்டான். தூக்கத்தில் இருந்தவன், விஷயத்தைக் கேட்டுவிட்டு, எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்றான். சின்னது, முப்பத்தைந்து என்றான் இவன்.

"அதைக் கேமராகிட்ட சொன்னீங்களா மாமா?"

"கேமராகிட்ட என்னடா சொல்லணும்?"

அந்தப் பக்கம் நெற்றியில் அடித்துக்கொள்ளும் ஓசை தெளிவாகக் கேட்டது.

புது லென்ஸ் என்றால் தன் அளவைத் தானே கேமராவிடம் சொல்லிவிடுமாம். இவை ஊமை. நாம்தான் எண்ணைப் போட்டுக் கொடுக்க வேண்டும். கேமராவுக்குள் கையாட்டத்தைச் சரிக்கட்டும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நம் கை லேசாக அசைந்தால் அது எதிர்ப்பக்கம் அசைந்து படத்தை நிறுத்தும். எவ்வளவு அசைய வேண்டும் என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் மைத்துனன் பறவைகளை எடுக்கப் போயிருந்தான், நீள லென்ஸோடு. நூற்று முப்பத்தைந்து என்று போட்டது அப்படியே இருந்துவிட்டது.

"நீங்க லேசா சாஞ்சாலே, விழுந்துட்டீங்கன்னு நினைச்சு அது நாலு மடங்கு எதிர்ப்பக்கம் பிடிச்சு இழுக்குது. உங்க கை ஆடல மாமா, அதுதான் ஆடுது. எனக்குப் பழகிப்போச்சு, சொல்லணும்னே தோணல. மன்னிச்சிருங்க."

புத்தகத்தின் மேல் வைத்தபோது ஏன் ஒழுங்காக வந்தது என்பது இப்போது புரிந்தது. அங்கே சரிக்கட்ட ஆட்டமே இல்லை. ஆறு வாரமாக அவன் கைமேல் விழுந்த பழியெல்லாம் உதவிக்கு என்று கேமராவுக்குள் இருந்த அந்த ஏற்பாடு செய்த கூத்து.

எண்ணை முப்பத்தைந்து என்று மாற்றினான். மனைவி கையில் கொடுத்து எடுக்கச் சொன்னான், தானும் ஒன்று எடுத்தான். பெரிதாக்கினார்கள். கைப்பிடி ஒன்றே ஒன்றாக, சும்மா, அலமாரியில் இருந்தது. நாற்காலியில் பின்னால் சாய்ந்தவனுக்குத் தோள் இரண்டும் வலித்தன. இத்தனை நாள் அவற்றைத் தூக்கியே வைத்திருந்தான் போலிருக்கிறது.

அப்போதுதான் மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னான். கிளாஸ் தண்ணீர், சுருள், கடைவாய், வெள்ளிக்கிழமை மேடம் வந்தது.

"ஆறு வாரமா?"

"ம்."

"கேமராகிட்ட கேட்டிருக்கீங்க. என்கிட்ட கேக்கல."

அவள் அவன் இரண்டு கைகளையும் இழுத்து மேசைமேல் நீட்டிவைத்தாள். நோயாளியைப் பார்ப்பது போல விரல் விரலாகப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கச் சொன்னாள், மூடியைத் திறக்கச் சொன்னாள், மூடச் சொன்னாள். பிறகு ஒன்றுமில்லை என்றாள். இருந்தாலும் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்துவிடுவோம், நானும் வருகிறேன் என்றாள். அவனுக்கு அது பயமாக இல்லை.

அப்பா எதிரேயேதான் உட்கார்ந்திருந்தார். அவர் இருப்பதை மறந்துதான் அவன் பேசியிருந்தான். உங்களைப் போல ஆகிவிடுமோ என்று பயந்தேன் என்பதை அவர் முன்னாலேயே சொல்லியாயிற்று. கொட்டியதை இனி அள்ள முடியாது.

"எனக்கு வந்தப்ப" என்றார் அப்பா, "உங்கம்மாகிட்ட எட்டு மாசம் சொல்லல. நீ ஆறு வாரத்துல சொல்லிட்ட. பரவால்ல, வம்சம் தேறிக்கிட்டுத்தான் வருது."

மனைவிதான் முதலில் சிரித்தாள். அப்பா கண்ணாடிக்காகக் கையை நீட்டினார். வாங்கும்போது கை ஆடியது. அவரே மாட்டிக்கொண்டார், இரண்டாவது முயற்சியில் காதில் உட்கார்ந்தது. அவசரப்பட்டு யாரும் உதவிக்குப் போகவில்லை.

அவன் எழுந்துபோய் மேடத்துக்குப் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேலைபற்றிப் பேச வந்தவனை அவள் அதிசயமாகக் கேட்டாள். அந்த நான்கு பல்லை வேறு எங்கும் அனுப்பிவிட வேண்டாம் என்றான். கோபம் தீர்ந்ததா என்றாள். கோபமே இல்லை, அதை நாளைக்கு நேரில் சொல்கிறேன் என்றான்.

"அப்ப ஒண்ணு கேட்டுக்கோ. அந்தப் பொண்ணுக்கு வரிசையா அழகா வேண்டாமாம். முன்னாடி இடது பக்கத்துப் பல்லு லேசா திரும்பியிருக்குமாம். அப்படியே வேணும்னு அழுதாளாம். இல்லன்னா கண்ணாடில வேற யாரோ தெரியுறாங்களாம். பழைய போட்டோ ஒண்ணு குடுத்திருக்கா."

"எவ்வளவு திரும்பியிருக்கு?"

"அரை மில்லிமீட்டர் இருக்கும். அதுக்கும் கம்மியோ என்னவோ."

ஈரப் பீங்கானில் அரை மில்லிமீட்டர் என்பது தூரிகையின் ஒரு தொடல். சுட்டால் இன்னும் சுருங்கும், அதற்கும் சேர்த்து வைக்க வேண்டும்.

"செய்யலாம் மேடம்" என்றான். "போட்டோவை இப்பவே அனுப்புங்க."