துக்கம் தவறாதவர்

கோல்மன் டெவேனிக்கு மேடையில் பேச வராது. மைக்கைக் கண்டால் மென்று முழுங்குவார். ஆனால் பாலிநஹோன் வட்டாரத்தில் ஒரு சாவு விழுந்துவிட்டால் போதும், மனிதருக்கு இறக்கை முளைத்துவிடும். மேல் பொத்தான் அறுந்த கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வீட்டாரின் கையை ஒவ்வொன்றாகப் பிடித்து, "உங்க துக்கத்துல எனக்கும் பங்கு உண்டுங்க" என்பார். சவப்பெட்டியை எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு, "தங்கமான மனுஷன். எனக்கு நல்லாத் தெரியும்" என்பார். ஒரு தேநீர், ஒரு சாண்ட்விச், அடுத்த சாவு வீடு. எங்கள் பக்கத்தில் அரசியல் என்றால் இதுதான். சாலை போட்டவனை மறந்துவிடுவார்கள். அப்பனின் சாவுக்கு வராதவனை ஏழு தலைமுறைக்கு ஞாபகம் வைத்திருப்பார்கள்.

இதில் அவருக்கு வலது கை டிம்ப்னா டார்ப்பி. பெரியப்பா மகள், அவரைவிட மூத்தவள், வாயாடி. காலையில் உள்ளூர் வானொலியில் சாவு அறிவிப்பு வாசிக்கும்போது அவள் வீட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது. கார் ஓட்டுவதும் அவள்தான். ஓட்டு எண்ணும் கூடத்தில் தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு, எந்தப் பெட்டியில் யாருக்கு எவ்வளவு விழுகிறது என்று எட்டிப் பார்த்துச் சொல்வதும் அவள்தான்.

அவர் முதன்முதலாகக் கவுன்சிலுக்கு நின்றபோது நடந்தது இது. ஜூன் மாதம் என்று பேர்தான், சதுப்பு நிலத்தின்மேல் மூடுபனி இறங்கி மாலையிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. கோர்ட்டீன் வளைவில் கோல்மன், "நிறுத்து, நிறுத்து" என்றார். சாலைக்குக் கீழே ஒரு வீட்டில் வெளிச்சம் தெரிந்தது. வாசலில் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி ஆட்கள் நின்றார்கள்.

"இங்க யாரு செத்தது? வானொலியில சொல்லலையே?" என்று டிம்ப்னாவைத் திட்டிக்கொண்டே கல் சுவரைத் தாண்டி ஓடினார்.

உள்ளே சுவரைச் சுற்றிலும் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிக்குள் ஒரு கிழவர். ஏழைகள், அது பார்த்ததும் தெரிந்தது. கோல்மன் வரிசையாகக் கை குலுக்கினார். கிணற்றடிக் கல்லைப் போல எல்லாக் கையும் ஈரமாக, சில்லென்று இருந்தது. கறுப்புச் சால்வை போர்த்த வீட்டுக்காரி ஒரு கோப்பையைக் கொடுத்தாள். அதில் ஒன்றுமே இல்லை. சுற்றிலும் பார்த்தார், எல்லோரும் வெறும் கோப்பையைத்தான் வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கோல்மன் நாகரிகம் தெரிந்தவர். அவரும் உறிஞ்சினார், நன்றாயிருக்கிறது என்றார். ஒவ்வொருவர் கடைவாயிலும் பச்சையாக ஏதோ கறை இருந்ததைக் கவனித்தார். பெட்டியின் அடிப்பலகைக்குக் கீல் போட்டிருந்ததையும் கவனித்தார். வாய்க்குப் பழகிய வார்த்தை மட்டும் தானாக வந்துவிட்டது.

"தங்கமான மனுஷன். எனக்கு நல்லாத் தெரியும்."

கோப்பைகள் எல்லாம் நின்றுவிட்டன. வீட்டுக்காரி அவர் அருகில் வந்தாள்.

"உங்களுக்கு இவரத் தெரியுமா ஐயா? எங்களைத் தெரிஞ்சவங்க யாருமே இல்லைன்னுல்ல நினைச்சோம்."

"ஏன் தெரியாம? நல்லாக் கேட்டீங்க."

"அப்ப எங்க ஒவ்வொருத்தருக்கும் வருவீங்களா?"

"வராம இருப்பேனா? கடைசி ஆள் வரைக்கும் வருவேன்," என்றார் கோல்மன். தேர்தலுக்கு நிற்கிறவன் வேறென்ன சொல்வான்?

காருக்குத் திரும்பியதும் டிம்ப்னா வாயில் வைத்த பன்னைக் கடிக்காமல் அவரையே பார்த்தாள்.

"என்ன பண்ணிட்டு வர்றே?"

"துக்கம் கேட்டுட்டு வர்றேன்."

"யாருகிட்ட? அந்த வீட்டுக்குக் கூரையே கிடையாது. நூறு வருஷத்துக்கும் முன்னாடி உருளைக்கிழங்குப் பஞ்சத்துல அழிஞ்சுபோன குடும்பம். நீ காஞ்சொறிச் செடிக்கு நடுவுல நின்னு சுவரைத் தடவிட்டு இருந்தே. சரி, ஒன்னுக்குத்தான் ஒதுங்கினேன்னு நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

கோல்மன் திரும்பிப் பார்த்தார். வெளிச்சம் இல்லை. இரண்டு சுவர், நடுவில் ஒரு மரம். அவருடைய உள்ளங்கை மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அடுப்படியில் எத்தனை நேரம் கை காட்டியும் அதில் சூடு ஏறவில்லை.

அந்தத் தேர்தலில் கோர்ட்டீன் பள்ளிக்கூடத்துப் பெட்டியைத் திறந்தபோது டிம்ப்னா தடுப்புக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் பரம்பரையாக எதிர்க்கட்சி. ஆனால் சீட்டுக்குச் சீட்டு கோல்மன் பெயருக்கு நேராகத்தான் முதல் விருப்பத்துக்கான '1' போட்டிருந்தது, பென்சிலால் எழுதியதாக இல்லாமல் நகத்தால் கீறியதாக. சீட்டுகள் நமுத்துப்போயிருந்தன. எண்ணுகிறவர்கள் விரலை அடிக்கடி துடைத்துக்கொண்டார்கள். கோல்மன் அந்த ஒரு பெட்டியால்தான் ஜெயித்தார். எங்கள் ஊரில் ஜெயித்தவனுக்கு நான்தான் போட்டேன் என்று சொல்லாத ஆள் கிடையாது. கோர்ட்டீன்காரர்கள் மட்டும் மாதாவின் மேல் சத்தியம் செய்தார்கள், நாங்கள் இவனுக்குப் போடவே இல்லை என்று.

அதற்குப் பிறகு எப்போதாவது, குளிர்காலத்து இருள் கவியும் வேளையில் அந்த வீட்டில் வெளிச்சம் தெரியும். கோல்மன் இறங்கிப் போவார். டிம்ப்னா கேட்கமாட்டாள், இன்ஜினை மட்டும் அணைக்காமல் வைத்திருப்பாள். ஒவ்வொரு முறையும் அதே கீல் வைத்த பெட்டி. பஞ்சத்தில் அப்படித்தான், ஆளுக்கொரு பெட்டிக்கு எங்கே போவது? குழிக்கு மேல் பிடித்து அடிப்பலகையைத் திறந்துவிட்டு, பெட்டியை அடுத்த ஆளுக்கு எடுத்து வந்துவிடுவார்கள். போன முறை வரிசையில் உட்கார்ந்து கை கொடுத்தவர் இந்த முறை பெட்டிக்குள் கிடப்பார். சுவரோரம் ஓர் இடம் காலியாகும். "தங்கமான மனுஷன்," என்பார் கோல்மன். ஒருவர் பெயரையும் அவர் கேட்டதில்லை. தெரியும் என்று சொன்ன பிறகு எப்படிக் கேட்பது?

ஒவ்வொரு தேர்தலிலும் கோர்ட்டீன் பெட்டி அவரைக் கரை சேர்த்தது. கவுன்சிலர் கோல்மன் மாவட்டத் தலைவரானார். பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகி, வாரத்தில் பாதி டப்ளினில் கிடந்தார். தலை நரைத்தது, தொப்பை விழுந்தது. சுவரோரத்து வரிசை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வீட்டுக்காரியும் அவள் மடியில் ஒரு சின்னப் பெண்ணும்தான் மிச்சம். அந்தக் குழந்தையின் உதடு முழுக்கப் பச்சையாக இருந்தது. புல்லைத் தின்றால் அப்படித்தான் ஆகும் என்று கோல்மனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன, அவர் அந்தக் குழந்தையின் கையையும் குலுக்கினார்.

பிரதமர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது ஒரு நவம்பர் மாதம். துணை அமைச்சர் பதவி. அன்றைக்கே டப்ளினில் இருக்க வேண்டும். அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். கோர்ட்டீன் வளைவில் கோல்மன் வலப்பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. வெளிச்சம் இருந்தது. இந்த முறை வீட்டுக்காரி சாலைக்கே வந்து, கையில் லாந்தரோடு சுவரின் இடைவெளியில் நின்றிருந்தாள். தனியாக நின்றாள். இடுப்பில் குழந்தை இல்லை.

டிம்ப்னாவின் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அங்கே வாக்குக் கொடுத்ததை மட்டும் அவர் எப்போதோ சொல்லியிருந்தார். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தாள்.

"போயிட்டு வந்துடு. கொஞ்ச நேரம்தானே."

"நேரமில்ல. நீ ஓட்டு."

"வர்றேன்னு சொல்லியிருக்கே இல்ல?"

"அவங்க செத்தவங்க, டிம்ப்னா!"

"செத்தவங்க வீட்டுக்குப் போறதுதானேய்யா இத்தனை வருஷமா உன் பொழப்பே?"

"ஓட்டுன்னு சொல்றேன்ல!"

எங்கள் பக்கத்தில் எதிரே வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல ஒரு விரலை உயர்த்தினால் போதும். கோல்மன் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு விரலை உயர்த்தினார். லாந்தர் அசையவில்லை.

பதவி கிடைத்தது. இரண்டு கோடைக்கு அரசாங்கக் காரில் போனார். அடுத்த தேர்தலில் கோர்ட்டீன் பெட்டியைத் திறந்தபோது டிம்ப்னா தடுப்புக் கம்பியிலிருந்து மெல்லத் திரும்பினாள். "வெள்ளை," என்றாள். "எல்லாம் வெறும் வெள்ளைச் சீட்டு, கோல்மன். ஒருத்தன் பேருக்கும் ஒன்னும் போடல." ஓவன் லாவெல் என்ற பையன், நேற்றுக் கவுன்சிலுக்கு வந்தவன், அந்த இடத்தைப் பிடித்தான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கோல்மன் அவன் கையைக் குலுக்கி, கேமராவுக்குச் சிரித்தார்.

அதன்பிறகு தொலைபேசி ஊமையாகிவிட்டது. பழக்கதோஷத்தில் அவர் சாவு வீடுகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஒரு வீட்டில் இறந்தவரின் மகனே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "மறுபடி நிக்கப் போறீங்களா என்ன? அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம்?" என்று கேட்டான். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். கோல்மன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஊரில் பாதிப் பேரைப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். அவருடைய பெட்டியை எட்டிப் பார்க்க யார் வருவார்கள் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தார்.

டிம்ப்னா முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் போயிருந்ததால், அந்த ஜனவரி மாலை அவரே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். வளைவில் வெளிச்சம் தெரிந்தது.

கோல்மன் இறங்கினார். இனி கோர்ட்டீன் ஓட்டுப் பெட்டியால் அவருக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை. கல் சுவரைத் தாண்ட மூச்சு வாங்கியது, நெஞ்சில் ஏதோ பிடித்தது. உள்ளே வீட்டுக்காரி ஒருத்திதான் இருந்தாள். பெட்டிக்குள் அந்தச் சின்னப் பெண். அன்று நவம்பரில் கிடத்தியபடியே கிடந்தாள்.

"இன்னுமா எடுக்கல?" என்றார்.

"நீங்க வர்றேன்னு சொன்னீங்களே ஐயா. வராம எப்படி எடுக்கிறது?"

கோல்மன் அப்படியே மண்டியிட்டார். தங்கமான பெண் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"இவ பேரு என்னம்மா?"

"சபீனா."

"எனக்கு இவளத் தெரியாதும்மா. உங்க யாரையுமே தெரியாது. பொய் சொன்னேன்."

"தெரியும் ஐயா," என்றாள் அவள் சாதாரணமாக. "ஆனா நீங்க ஒருத்தர்தானே வந்தீங்க."

அவள் குழந்தையைச் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். "நான் இவளக் கொண்டுபோய் வச்சுட்டு வர்றேன். சாவு வீட்டுல கை கொடுக்க ஆள் இல்லாம இருக்கக்கூடாது. அதுவரைக்கும் உக்காருங்க." வாசலைத் தாண்டிப் போனாள். அவள் திரும்பி வரமாட்டாள் என்று கோல்மனுக்குத் தோன்றியது. ஆனாலும் சுவரோரம் உட்கார்ந்தார். நெஞ்சு வலி எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. வெறும் கோப்பை ஒன்று கையில் இருந்தது. வாயில் பச்சைப் புல்லின் கசப்பு.

மேலே சாலையில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ சுவரைத் தாண்டி, சேற்றில் வழுக்கி, தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தார்கள். ஓவன் லாவெல்.

அவன் நேராக வந்து கோல்மனின் கையைப் பிடித்தான். அவன் கை எவ்வளவு சூடாக இருந்தது! "உங்க துக்கத்துல எனக்கும் பங்கு உண்டுங்க," என்றான். கோல்மனின் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்வை அடுத்த கையைத் தேடி அவர் தோளுக்கு மேலே போயிருந்தது. எத்தனையோ வீடுகளில் கோல்மனே அப்படித்தான் பார்த்திருக்கிறார். லாவெல் பெட்டியருகே போய்க் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டான். கோல்மனும் எழுந்து எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு கனத்த மனிதர் கிடந்தார். மேல் பொத்தான் இல்லாத கறுப்புக் கோட்டு. சாவு வீடுகளுக்கென்றே கோல்மன் வைத்திருந்த கோட்டு.

"தங்கமான மனுஷன்," என்றான் லாவெல். "எனக்கு நல்லாத் தெரியும்."

ஓடிவிடு, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள் என்று கோல்மன் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்தச் சூடு உள்ளங்கையில் இன்னும் மிச்சமிருந்தது. அது போய்விட்டால் மறுபடி யார் வருவார்கள்?

"தெரியுமா தம்பி?" என்றார். "என்னைத் தெரிஞ்சவங்க யாருமே இல்லைன்னுல்ல நினைச்சேன். மறுபடியும் வருவீங்களா?"

லாவெல் அதற்குள் வாசல் பக்கம் திரும்பியிருந்தான்.

"வராம இருப்பேனா?" என்றான்.