மளிகை வண்டிக்கு ஒரு சிலிண்டர்

பல் மருத்துவமனையில் அவளை எல்லோரும் சிரிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் பிடுங்கப் பயப்படுகிறவர்களின் மூக்கில் முகமூடியை வைத்து, சிரிப்பு வாயுவையும் ஆக்சிஜனையும் அளவாகக் கலந்து கொடுப்பது அவள் வேலை. அதுவரை நாற்காலியின் கையை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தவர், கொஞ்ச நேரத்தில் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துத் தானாகச் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். அதனால் அவர் வாத்தியார். வாரம் முழுவதும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லியே தொண்டை வறண்ட மனிதர், மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் தன் சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள பழைய விமான ஓடுபாதைக்குக் கிளம்பிவிடுவார். விமானங்கள் கைவிட்ட அந்த ஓடுபாதையில் ஒரு கார் சங்கம் பந்தயம் நடத்தியது. வீட்டுக் கார்கள்தான், இரண்டிரண்டாக, ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோடு வரை நேராக ஓட வேண்டும். தண்ணீர்க் கேன், குடை, மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சிரிப்பக்கா பின்னாலேயே வருவாள். அவளுடையது பின்பக்கம் நீண்ட, சாம்பல் நிறப் பழைய கார். அலமாரியைக்கூட உள்ளே படுக்க வைத்து ஏற்றிவிடலாம்.

ஒரு சனிக்கிழமை, நிழலில் உட்கார்ந்து சலித்துப்போய், "நானும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். வாத்தியார் சந்தோஷமாகத் தன் பக்கத்திலேயே அவளை நிறுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. அவள் முடிவுக் கோட்டைத் தொட்டபோது வாத்தியார் காரைவிட்டு இறங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.

"மளிகை வண்டி வருது, வழி விடுங்கப்பா!" என்று கையைத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பக்காவும் சிரித்தாள். ஆனால் அந்தச் சில நொடி வேகம் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் ஆக்ஸிலரேட்டரின் மேல் அவள் வலது கால் சும்மா இருக்கவில்லை.

அன்று ஓடுபாதையில் ஒரு குட்டிக் காரின் பின்னால் நீல நிற சிலிண்டர் ஒன்றைப் பார்த்திருந்தாள். என்ன இது என்று கேட்டதற்கு, "நைட்ரஸ். இன்ஜினுக்குக் கொஞ்சம் கொடுத்தா பறக்கும்" என்றிருந்தான் அந்த ஆள். அட, நம்ம சிரிப்பு வாயுவா என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். வருஷக்கணக்காகப் பழகிய ஒருவரை வேற்றூரில் பார்த்ததுபோல் இருந்தது.

அதைக் காரில் வைக்க ஒரே ஆள்தான் இருந்தாள்: வாத்தியாரின் தங்கை. வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். அண்ணனைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்த பிறகும் பெயர் மாறவில்லை. கடைவீதியின் கோடியில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தாள். அண்ணியும் நாத்தனாரும் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. சண்டை போடும் அளவுக்குப் பேசியதே இல்லை. "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." இவ்வளவுதான் கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவருக்கும் நடந்த உரையாடல்.

அதனால் சாம்பல் நிறக் கார் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றதும், ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்த பொடிசு தலையை மட்டும் நீட்டினாள்.

"என்ன அண்ணி, பிரேக் சத்தம் போடுதா?"

"இல்லைங்க. இதுல நைட்ரஸ் வைக்கணும்."

பொடிசு சக்கரப் பலகையோடு முழுசாக வெளியே உருண்டு வந்தாள்.

"எதுல?"

"இதுலதான்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். 'வை, வை, ராக்கெட்டைக் கட்டினாலும் அது மளிகை வண்டிதான்'னாரு."

பொடிசு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அண்ணனின் கேலி அது. "வண்டியை உள்ள விடுங்க அண்ணி" என்றாள்.

ஆனால் அவள் முதலில் சிலிண்டரைப் பற்றிப் பேசவே இல்லை. இன்ஜினில் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் அழுத்தம் எவ்வளவு என்று அளந்தாள். நான்கில் ஒன்று சோர்ந்துபோயிருந்தது.

"இந்த நிலைமையில வாயு கொடுத்தா இன்ஜின் கையில வந்துடும். முதல்ல இதைச் சரி பண்ணணும். பொறுமை இருக்கா?"

"நாங்களும் ரத்த அழுத்தம் பாக்காம யாருக்கும் மாஸ்க் வைக்க மாட்டோம்" என்றாள் சிரிப்பக்கா.

பொடிசு முதல் தடவையாக அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள்.

அதன் பிறகு மருத்துவமனை வேலை முடிந்ததும் சிரிப்பக்கா நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிடுவாள். இன்ஜினின் மேல்பாகத்தைக் கழற்றி, காற்று கசிந்த வால்வைத் தேய்த்து உட்கார வைத்தார்கள். தேய்க்கும் வேலை அண்ணிக்குக் கிடைத்தது. பல் மருத்துவரோடு பழகிய கை, சொல்லவே வேண்டாம், இழைத்து இழைத்துத் தேய்த்தாள். "போதும் அண்ணி, வால்வு வேணும், கரைச்சுடாதீங்க" என்று பொடிசு பிடுங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒரு மாலை, தரையில் உதிரிப் பாகங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு பொடிசு விளக்கினாள். "இந்த வாயு தானா எரியாது அண்ணி. இன்ஜின் சூட்டுல உடைஞ்சு ஆக்சிஜனைக் கொடுக்கும். ஆக்சிஜன் கூடினா பெட்ரோலும் கூடணும். அதனால இந்தச் சின்னக் குழாய் வழியா வாயு, பக்கத்துலயே இது வழியா பெட்ரோல். ரெண்டும் சேர்ந்து போகணும்."

"பெட்ரோல் நின்னுபோய் வாயு மட்டும் போனா?"

"பிஸ்டன் மெழுகுவர்த்தி மாதிரி உருகிடும்."

சிரிப்பக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "எங்க மெஷின்ல ஆக்சிஜன் அழுத்தம் இறங்கிச்சுன்னா வாயு தானா நின்னுடும். நான் தூங்கிட்டாலும் அது தூங்காது. அந்த மாதிரி ஒண்ணு இல்லாம நான் இதுல ஏற மாட்டேன். பெட்ரோல் வரலைன்னா வாயு வரக் கூடாது."

பொடிசுவின் முகம் மலர்ந்தது. அவளிடம் வரும் ஆட்கள் எல்லோரும் வாயுவை இன்னும் கூட்டிவைக்கத்தான் கேட்பார்கள். நிறுத்துவதற்கு வழி கேட்டு வந்த முதல் ஆள் இவள்தான்.

"அதுக்குன்னே ஒரு ஸ்விட்ச் இருக்கு! பெட்ரோல் அழுத்தம் இறங்கின உடனே வெட்டிடும். இன்னொண்ணு, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சாத்தான் வேலை செய்யும். பாதி மிதிச்சா ம்ஹூம். அப்புறம் இன்ஜின் நல்லா சுத்த ஆரம்பிச்ச பிறகுதான் திறக்கும். எல்லாத்துக்கும் மேல உங்க கைக்கிட்ட ஒரு பொத்தான், மூடி போட்டது."

"எவ்வளவு வாயு விடுவோம்?"

"இருக்கிறதுலயே சின்ன அளவு. இந்த வயசுல இதுக்கு அது போதும்."

"யாரைச் சொல்றீங்க, வண்டியையா என்னையா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தத் தகரக் கூரை அதிரும்படி சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது பொடிசு, நெடுநாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டாள்.

"உங்க கல்யாணத்தன்னைக்கு ஏன் என் கையில சோப்பைக் கொடுத்தீங்க? என் நகத்துல கிரீஸ் இருந்துச்சுன்னுதானே?"

"ஐயோ!" சிரிப்பக்கா தலையில் கை வைத்தாள். "மோதிரம் விரல்ல மாட்டிக்கிச்சுன்னு யாரோ சொன்னாங்க. உனக்குத்தான்னு நினைச்சு ஓடி வந்து கொடுத்தேன். சோப்பு போட்டா கழண்டுடும்ல?"

"மோதிரம் மாட்டினது எங்க சித்திக்கு!"

"எனக்கு அன்னைக்கு யார் உங்க சித்தி, யார் நீன்னே தெரியாதே!"

பேச்சோடு பேச்சாக "நீங்க" போய் "நீ" வந்திருந்தது. இருவருமே அதைக் கவனித்தார்கள். யாரும் அதைத் திருத்தவில்லை.

சிலிண்டரைப் பின்பக்கம் வைக்கும்போது சிரிப்பக்கா தன் பிடிவாதத்தை விடவில்லை. அந்தக் காரில் பின்பக்கமும் உட்காரும் இடமும் ஒரே அறை மாதிரி. வெயிலில் அழுத்தம் ஏறி சிலிண்டரின் பாதுகாப்பு மூடி திறந்துகொண்டால் வாயு முழுவதும் உள்ளேதான் நிறையும். "மூச்சு விடக் காத்து இருக்காது. ஓட்டுறவ சிரிச்சுக்கிட்டே சாய வேண்டியதுதான்" என்றாள். பொடிசு தரையில் துளை போட்டு, அந்த மூடியிலிருந்து காருக்கு வெளியே ஒரு குழாய் விட்டாள். சிலிண்டரை இரும்புப் பட்டைகளால் காரின் சட்டத்தோடு சேர்த்து முடுக்கினாள். சிரிப்பக்கா அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்த பிறகே சரி என்றாள். சூட்டைத் தாங்கும் வகை ஸ்பார்க் பிளக்குகள் வந்தன. தீப்பொறி கொஞ்சம் தாமதமாக விழும்படி மாற்றினார்கள். ஓட்டுபவர் கை எட்டும் இடத்தில் தீயணைப்பான். ஊருக்குள் ஓட்டும்போது சிலிண்டர் வால்வை மூடி, குழாயையும் கழற்றிவிட வேண்டும் என்பது இருவரும் சேர்ந்து போட்ட சட்டம்.

வாத்தியாருக்குத்தான் கலக்கம். வாயுவை நினைத்து இல்லை. "ரெண்டு பேரும் ஒரே கட்சி ஆயிட்டீங்க. இனிமே நான் யார்கிட்ட போய் முறையிடுறது?" என்று சாப்பாட்டு மேசையில் புலம்பினார். பிறகு எழுந்துபோய் அவளுடைய சீட் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

பந்தயச் சனிக்கிழமை வந்தது. வெயில் இதமாக இருந்தது. சங்கத்தின் பரிசோதகர் குனிந்து, தவழ்ந்து, வெளிக்குழாயை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "யாரும்மா செஞ்சது?" என்று கேட்டார். "நாங்க" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

முதலில் சிரிப்பக்கா வாயு இல்லாமல் ஓட்டினாள். மளிகை வண்டி மளிகை வண்டியாகவே வந்து சேர்ந்தது. வாத்தியார் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்த ஓட்டத்துக்கு வால்வைத் திறந்து, மூடியைத் தூக்கிப் பொத்தானைத் தட்டினாள். பச்சை விளக்கு. முழுசாக மிதித்தாள். இரண்டாவது கியரில் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் ஒரு வேகம் வந்தது. வந்த உடனேயே அடங்கிப்போனது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் சட்டென்று காலை எடுத்துவிட்டாள்.

"ராக்கெட் நமுத்துப்போச்சா?" என்றார் வாத்தியார்.

பொடிசு ஓடி வந்து முன்மூடியைத் திறந்தாள். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றித் தட்டினாள். காவி நிறத் துகள் கொட்டியது.

"டேங்க்ல கிடந்த பழைய துரு அண்ணி. வேகமா உறிஞ்சினதும் மொத்தமா வந்து அடைச்சிருக்கு. பெட்ரோல் குறைஞ்சுது, உன் ஸ்விட்ச் வெட்டிடுச்சு. அது மட்டும் இல்லைன்னா இந்நேரம் பிஸ்டனைக் கரண்டியால அள்ளிக்கிட்டிருப்போம்."

சொல்லிவிட்டு அண்ணியைக் கட்டிக்கொண்டாள். தோற்றுப்போய்த் திரும்பியவர்கள் ஏன் இப்படிக் குதிக்கிறார்கள் என்று வாத்தியாருக்குப் புரியவில்லை.

பொடிசு புது வடிகட்டி மாட்டினாள். கார் ஓடாமல் நிற்கும்போதே பெட்ரோல் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துத் திருப்தியானாள். கார் மறுபடியும் கோட்டுக்கு வந்தது. பக்கத்தில் வாத்தியார் சிவப்புக் காருக்குள்ளிருந்து பெரிய மனசோடு கையசைத்தார்.

பச்சை.

வாத்தியார்தான் முந்தினார். இரண்டாவது கியரில் அந்தக் கை மறுபடியும் அவள் முதுகைத் தொட்டது. இந்தத் தடவை எடுக்கவே இல்லை. சீட் அவளை அப்படியே வாங்கிக்கொண்டது. சாம்பல் நிற முன்பக்கம் சற்றே மேலே எழும்பியது. சிவப்புக் காரின் பின் விளக்கு அருகில் வந்தது, பிறகு கதவு, பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த கணவரின் முகம். அவள் ஏதோ கத்தினாள். என்ன கத்தினாள் என்று பிற்பாடு அவளுக்கே தெரியவில்லை. கோடு தாண்டிய பிறகுதான், பின்னாலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது வாத்தியாரின் ஹாரன் என்று புரிந்தது.

அவள் இறங்குவதற்குள் அவர் ஓடி வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. கோபமோ என்று ஒரு கணம் நினைத்தாள். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பேச வாயெடுப்பார், காரைப் பார்ப்பார், மறுபடியும் சிரிப்பு வந்துவிடும்.

"கேஸ் எங்கயாவது லீக் ஆகுதாம்மா?" என்று பரிசோதகர் கவலையாகக் கேட்டார்.

"இல்லைங்க, அவர் இயற்கையாவே அப்படித்தான்" என்றாள் சிரிப்பக்கா.

வாத்தியார் ஒருவழியாக மூச்சு வாங்கிக்கொண்டு, "அடுத்தது நான்! நான் ஓட்டுறேன் அதை!" என்று சாவிக்குக் கை நீட்டினார்.

சிரிப்பக்கா சாவியை அவருக்கு எட்டாமல் தூக்கிப் பிடித்தாள். பொடிசு கொஞ்சம் தள்ளி, குனிந்து கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை பேருடைய கார்களைச் சரிசெய்து இந்த ஓடுபாதைக்கு அனுப்பியவள், ஒருநாளும் அந்தக் கோட்டில் நின்றதில்லை. யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை.

"பொடிசு, ஏறு."

"நானா? வேணாம் அண்ணி, எனக்குச் சரி பண்ணத்தான் வரும்."

"ஏறுன்னா ஏறு. அண்ணி சொல்றேன்."

அவ்வளவு உயரமான பெண், முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க உள்ளே மடங்கி உட்கார்ந்தாள். சிரிப்பக்கா அவளுக்கு ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, சீட் பெல்ட்டை இறுக்கினாள். வாத்தியார் பக்கத்துக் கோட்டுக்குத் தன் காரை ஓட்டிப்போனார்.

பச்சை விளக்கு எரிந்ததைப் பொடிசு பார்க்கவே இல்லை. அண்ணன் போன பிறகுதான் கிளம்பினாள். பதற்றத்தில் மூன்றாவது கியருக்குப் பதில் ஐந்தில் போட்டு, திணறி, திரும்ப மூன்றுக்கு இழுத்து, கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான் முழுசாக மிதித்தாள். அந்தக் கொஞ்ச தூரத்தில் எழுந்த அலறல் ஓடுபாதையின் இந்தக் கோடிவரை கேட்டது.

மோசமாகத் தோற்றிருந்தாள். காரைத் திருப்பிக்கொண்டு வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"அண்ணி! இன்னொரு தடவை!"

"சிலிண்டர் காலிடி."

"அப்ப அடுத்த மாசம் நான்தான் முதல்ல."

"அதெப்படி? வண்டி என்னோடது."

"இன்ஜின் நான் கட்டினது!"

"வால்வை யார் தேய்ச்சா?"

பரிசோதகர் ஓடுபாதையின் வெளிக்கதவைச் சாத்த வந்துவிட்டார். வாத்தியார் மடக்கு நாற்காலிகளையும் குடையையும் தனியாளாகச் சுமந்துகொண்டுபோய், சிலிண்டருக்குப் பக்கத்தில் இடம் பார்த்து ஏற்றிக்கொண்டிருந்தார். பெண்கள் இருவரும் காரின் முன்மூடியைத் திறந்து, இரண்டு பக்கமும் கையூன்றி நின்றபடி, அடுத்த மாதம் யாருடைய முறை என்று சந்தோஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.