உள்ளே இடமிருக்கு

இடமில்லை என்று சொல்லி நான் யாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதில்லை. "உள்ள போங்க, நடுவுல காலியாத்தான் இருக்கு" என்று கத்திக் கத்தியே என் குரல் ஆம்பிளைக் குரலாகிவிட்டது. கூடை, தையல் மெஷின், கைக்குழந்தை, ஏறும்போதே சண்டை போட்டுக்கொண்டு ஏறும் புருஷன் பெண்டாட்டி என்று எல்லாவற்றுக்கும் இடம் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான். அதனால்தான் மகள் வீடியோ காலில், "அம்மா, அந்தக் கார்டு இதுக்குள்ள போகாதும்மா" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

மகள் வேறு ஊரில் கார்ட்டூன் படங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள். புதுசு வாங்கியதும், திரையில் படம் வரைகிற தன்னுடைய பழைய கிராஃபிக்ஸ் கார்டை எங்களுக்கு அனுப்பிவைத்தாள். அதற்குத் தீனி போடுவதற்கென்று ஒரு பவர் சப்ளையும் கூடவே வந்தது. பிரித்துப் பார்த்தால் மூன்று விசிறியோடு, செங்கல்லைவிட நீளமாக, தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிற கனத்தில் இருந்தது. எங்கள் கம்ப்யூட்டரோ கரண்ட் பில் கட்டுவதற்கென்று வாங்கிய குட்டிப் பெட்டி. எல்லாவற்றையும் சொருகுகிற அதன் மதர்போர்டை என் இரண்டு உள்ளங்கையால் மூடிவிடலாம்.

"நான் பெரிய போர்டுன்னு நினைச்சுட்டேன். விடும்மா, ரெண்டு மாசத்துல வரும்போது வேற பெட்டி வாங்கிட்டு வரேன்" என்றாள் மகள்.

ரெண்டு மாதம் என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டுக்காரர்கள் வந்து ஸ்டீயரிங்கை எடுத்துப் போய்விடுவார்கள். அன்று சனிக்கிழமை.

ஸ்டீயரிங் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவர் வண்டியில்தான் நான் கண்டக்டர். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே வண்டி, ஒரே ரூட். ஒரு நாள் டிப்போவுக்குள் வண்டி நின்றுகொண்டிருந்தபோதே மயக்கம் வந்து ஹாரன் மேல் சாய்ந்துவிட்டார். டிப்போ முழுக்க அந்த ஹாரன் சத்தம்தான். யாருக்கும் அடிபடவில்லை, நல்லவேளை. ஆனால் டாக்டர், இனிமேல் மொபெட்கூடத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். லைசென்ஸ் போயிற்று. ஆபீஸில் நாற்காலி கொடுத்தார்கள். இவருக்கு ஓடாத நாற்காலியில் உட்காரத் தெரியவில்லை, வேலையை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வாயில் கொழுக்கட்டைதான். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்பார். "பிரேக் தேஞ்சிருக்கு" என்பார், ஜன்னலிடம். என்னிடம் சாப்பாட்டுக்குச் சரி, மாத்திரைக்குச் சரி, அதோடு சரி. டெர்மினஸில் வண்டியை நிறுத்திவிட்டு, டீ டம்ளரைப் பானட்டில் வைத்துக்கொண்டு, ஏறிய இறங்கிய ஒவ்வொருத்தரைப் பற்றியும் ஊர் வம்பு பேசுவாரே, அந்த ஆள் எங்கே போனார் என்று தெரியவில்லை. அவர் பேச்சுக்கு நான் ஏங்கிப்போயிருந்தேன். இந்த வயதில் புருஷன் பேசமாட்டேன் என்கிறார் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

போன தடவை வந்த மகள், மேஜையில் மாட்டுகிற ஸ்டீயரிங்கும் மிதிகட்டைகளும் வாங்கி, பஸ் ஓட்டும் கேம் ஒன்றையும் போட்டுக் கொடுத்தாள். முதல் நாள் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் அவர் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். ஆனால் எங்கள் குட்டிப் பெட்டிக்கு அந்த ரோட்டையும் மரத்தையும் வரைந்து முடிக்கத் தெம்பில்லை. பஸ் ஒரு இடத்தில் மறைந்து இன்னொரு இடத்தில் முளைத்தது. "வண்டி திக்குது" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மகள் கிண்டல் செய்தாள். அதற்கும் அவர் சிரிக்கவில்லை. மறு வாரம் ஸ்டீயரிங்கைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டிவிட்டார்.

"எதிர் வீட்டுல கேட்டாங்க. குடுத்துடு."

அவ்வளவுதான். அந்தப் பெட்டி வாசலைத் தாண்டினால் இவர் ஜன்னலை விட்டு நகரவே மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன்.

ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பது மூடியைக் கழற்றியதும் தெரிந்தது. போனைச் சுவரில் சாய்த்துவைத்து மகள் சொல்லச் சொல்லச் செய்தேன். பழைய பவர் சப்ளையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன், அது எப்படியோ உட்கார்ந்துவிட்டது. கார்டுதான் பெட்டியின் முன் சுவரில் முட்டியது. அங்கே ஹார்ட் டிஸ்க் வைக்கிற தகரக் கூண்டு ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. நாலு பேர் சீட்டில் ஒற்றை ஆள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் எனக்கு எப்போதுமே ஆகாது. கூண்டைக் கழற்றி டிஸ்க்கை ஓரத்தில் ஒட்டினேன். கார்டு சாய்ந்து, நெளிந்து உள்ளே போனது. இரண்டு கையாலும் அழுத்தியதும் 'டக்' என்று பூட்டிக்கொண்டது.

"போயிடுச்சு பாத்தியா" என்றேன் மகளிடம்.

கரண்ட் கொடுத்தால், டிஸ்க்கைக் காணோம் என்றது கம்ப்யூட்டர். போர்டு சின்னது என்பதால் டிஸ்க் வயர் சொருகும் இடம் கார்டின் வயிற்றுக்கு நேர் கீழே இருந்தது. கார்டு உட்காரும்போது வயரைப் பிடுங்கிவிட்டிருக்கிறது. மறுபடியும் கார்டை எடுக்கவேண்டும். எடுக்க முடிந்தால்தானே? அதைப் பிடித்திருக்கும் சின்னப் பூட்டு கார்டுக்கும் பிராசஸர் விசிறிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. விரல் நுழையவில்லை. நெம்பினால் போர்டே வளைந்தது.

"அம்மா, இழுக்காத. போர்டு உடைஞ்சா ரெண்டுமே போயிடும்" என்று மகள் பதறினாள்.

 கோபத்தில் ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் போட்டேன். இவ்வளவு நடந்தும் அவர் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். ஒரு காலத்தில், மேட்டில் வண்டி கொதித்து நின்றபோது, பயணிகளிடம் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகக் கேட்டு வாங்கி நான் நீட்டினேன், அவர் ரேடியேட்டரில் ஊற்றினார். கடைசி பாட்டில் ஒரு புதுப்பெண்ணுடையது. அவள் தர மனசில்லாமல் தந்ததைச் சொல்லி அன்றைக்குப் பூராவும் சிரித்தோம். அந்த மனுஷன்தான் இவர்.

"என்னங்க, ஒரு கை பிடிக்கக் கூடாதா? நான் ஒருத்தியே எவ்வளவுதான் தள்ளுறது?"

 நாற்காலி நகர்ந்தது. சமையலறைக்குப் போய் மரக்கரண்டியை எடுத்து வந்தார். தரையில் மண்டி போட்டு, வண்டிக்கு அடியில் பார்ப்பதுபோல் கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தார்.

"கார்டைத் தூக்கிப் பிடி. இழுக்காத, சும்மா தாங்கு."

கரண்டிக் காம்பை இடுக்கில் விட்டு மெல்ல அழுத்தினார். பூட்டு விட்டுக்கொடுத்தது. நான் மூச்சு விட்டேன்.

"வயர் நிமிந்து நிக்குது, அதான் முட்டுது" என்றார்.

நிமிர்ந்து நிற்கிறவனை எப்படிக் குனியவைப்பது என்பது என் துறை. யாரும் தொடாத சிடி டிரைவுக்குப் போகிற வயரைப் பார்த்தேன். அதன் முனை ஏற்கெனவே மடங்கித்தான் இருந்தது. அதைப் பிடுங்கி டிஸ்க்குக்குக் கொடுத்தேன். தலை தாழ்த்திப் படுத்துக்கொண்டது. அவர் கார்டைப் பிடித்துக்கொள்ள, நான் அழுத்தினேன். கனத்தில் அதன் வால் பக்கம் தொங்கியது. காலியான மாத்திரை டப்பா ஒன்றைக் கொண்டுவந்து அதற்கு முட்டுக் கொடுத்தார். மூடிதான் கடைசிவரை மூடவில்லை. திறந்தே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். மகள் கைதட்டிவிட்டுப் போனை வைத்தாள்.

அட்டைப்பெட்டியின் டேப்பை நான் கிழித்தேன். ஸ்டீயரிங்கை மேஜையில் அவரே திருகினார்.

திரையில் ரோடு விரிந்தது. மழை பெய்து ஓய்ந்த ரோடு. தேங்கிய தண்ணீரில் தெருவிளக்குத் தெரிந்தது. எதுவும் திக்கவில்லை. பஸ்ஸை நிதானமாக ஓட்டி முதல் ஸ்டாப்பில் ஒட்டி நிறுத்தினார். திரைக்குள்ளிருந்த ஆட்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கதவு மூடிக்கொண்டது. வண்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. லேட் என்று திரை ஓரத்தில் சிவப்பாக மின்னியது.

 மறுபடியும் மயக்கமா? எட்டி முகத்தைப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தார்.

"என்னங்க, திக்குதா?"

"இல்ல. நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க? எல்லாரும் ஏறியாச்சு, கதவும் மூடியாச்சு."

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ இன்னும் சொல்லலையே."

 அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவருக்குப் பிறகு வந்த டிரைவரோடு கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கிளப்பிவிடுவான். அது பொறுக்காமல்தான் நானும் வேலையை விட்டேன், இவரிடம் அதைச் சொன்னதுகூட இல்லை. இவர் ஒரு நாளும் என் குரல் காதில் விழாமல் கிளட்ச்சை விட்டதில்லை.

"ரைட்" என்றேன். காற்றாகத்தான் வந்தது.

"சத்தமா சொல்லு. உள்ள கூட்டம், கேக்கல."

தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். வண்டி குலுங்காமல் கிளம்பியது.